ஜிம்னிக்கு டயர் மட்டும் போதுமா, ரிம்மும் மாற்ற வேண்டுமா?

மாருதி ஜிம்னி ஷோரூமிலிருந்து இறங்கும்போது அதில் மாட்டியிருப்பது 195/80 ஆர்15 அளவுள்ள பிரிட்ஜ்ஸ்டோன் ட்யூலர் எச்/டி. எச்/டி என்றால் நெடுஞ்சாலை டயர். தனி சேஸி, முன்னும் பின்னும் இரு சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில், மெதுவாக, அதிக இழுப்போடு ஊர்கிற லோ ரேஞ்ச் போட ஒரு குட்டி லீவர் என்று கரடுமுரடான பாதைக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மண்ணைத் தொடுகிற ஒரே பாகத்தில் மட்டும் கம்பெனி தார்ச்சாலையை நினைத்துக்கொண்டது. மைலேஜ், சத்தம், விலை என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மகிந்திரா தார் வாங்கியவர் பலருக்கு, சாலை, மண் இரண்டுக்குமான ஏ/டி டயர் (சியட் சார்) வண்டியோடேயே வந்துவிடுகிறது. ஜிம்னி வாங்கியவர்தான் சில மாதங்களில் டயர் கடை வாசலில் போய் நிற்கிறார்.

அங்கே அவர் முன் மூன்று வழிகள் வைக்கப்படும். இருக்கும் ரிம்மில் இதே அளவு ஏ/டி டயர். இருக்கும் ரிம்மிலேயே சற்றுப் பெரிய 215/75 ஆர்15. அல்லது கம்பெனி ரிம்முக்குப் பதிலாக வெளி ரிம் வாங்கி, அதில் 235/75 ஆர்15. கடைக்காரர் மூன்றாவதைத்தான் அழகாக ஒளி போட்டு அடுக்கி வைத்திருப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கு லாபம் ரிம்மில்தான். என் கட்சி இது: எந்த டயர் வேண்டும் என்று முதலில் முடிவாகட்டும். அந்த டயர் புது ரிம் கேட்டால் வாங்கலாம். ரிம்மைப் பார்த்து ஆசைப்பட்டு அதற்குத் தகுந்த டயர் தேடுகிறவர்கள் கையில்தான் பணமும் கரைகிறது, ஸ்டியரிங்கும் ஆடுகிறது.

முதலில் கணக்கு. 195/80 ஆர்15 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. ரிம்மின் 15 அங்குலத்தோடு சேர்த்தால் மொத்த விட்டம் 693 மி.மீ. இதே கணக்கில் 215/75 ஆர்15 சுமார் 703 மி.மீ. வரும், 235/75 ஆர்15 சுமார் 733 மி.மீ. வரும். முதல் தாவல் 1.5 சதவீதம், இரண்டாவது 5.8 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்குள்தான் மீதிப் பேச்சு முழுவதும் இருக்கிறது.

இதே அளவில் ஏ/டி போடுவதுதான் தொந்தரவே இல்லாத வழி. ஸ்பீடோமீட்டர் மாறாது, கியர் இழுப்பு மாறாது, எங்கும் உரசாது. பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் எதிலும் கேள்வி வராது. ஒல்லி டயர் பார்வைக்குத்தான் நோஞ்சான். மேலே சேறு, அடியில் கெட்டித் தரை என்கிற இடத்தில் அது சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்த் தரையைப் பிடிக்கும். அகல டயர் அதே இடத்தில் மேலேயே மிதந்து சுழலும். ஜப்பானில் பழைய ஜிம்னிக்காரர்கள் 185/85 ஆர்16 என்கிற இன்னும் ஒல்லியான, உயரமான அளவை விரும்பிப் போடுவது இதனால்தான். யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 வரிசையில் 195/80 ஆர்15 இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் இந்த அளவைக் கேட்டு வருபவர் குறைவு, அதனால் கடைக்காரர் இருப்பு வைப்பதும் குறைவு. வழியில் ஒரு டயர் கிழிந்தால் அடுத்த ஊரில் அதே டயர் கிடைக்கும் என்று நம்பிப் பயணம் போக முடியாது.

இந்த இடத்தில்தான் 215/75 ஆர்15 முந்துகிறது. இது மகிந்திரா பொலிரோவின் அளவு. பொலிரோ ஓடாத தாலுகா தமிழ்நாட்டில் ஏது? ஏ/டி பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) உள்ள டயரே கிடைக்காவிட்டாலும், ஊர் வந்து சேரும்வரை ஓட்ட அதே அளவில் ஏதோ ஒரு டயர் சின்ன டவுனில்கூடக் கிடைத்துவிடும். ஜிம்னியின் ஒரிஜினல் ரிம் 5.5 அங்குல அகலம். 215/75 ஆர்15 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. ஓரத்தில் நின்றாலும் வரம்புக்குள்தான் இருக்கிறோம். விட்டத்தில் கூடுவது 10 மி.மீ. சொச்சம். புது டயரின் பட்டன் ஆழம் 8 மி.மீ. என்று வைத்து, அது சட்டம் சொல்லும் 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டத்தில் குறைவது ஏறக்குறைய 13 மி.மீ. ஆக, ஒரே டயர் தன் ஆயுளில் மாறுகிற அளவுகூட இந்த மாற்றம் இல்லை. இன்ஜின் இதை உணரவே போவதில்லை. நாலு சக்கரமும் உள்ளே அடங்கி நிற்கும், ஸ்டியரிங்கை ஃபுல் லாக் ஒடித்தாலும் உரசாது.

ஆனால் தரை இடைவெளியில் கிடைப்பது 5 மி.மீ. மட்டுமே. உயரத்துக்காக டயர் மாற்றுகிறேன் என்பவருக்கு இந்த அளவு ஒன்றும் தராது. இதில் கிடைப்பது பிடிப்பு, பக்கச் சுவரின் வலு, கூரான கல்லில் டயர் பிழைத்து வருகிற வாய்ப்பு. ஜிம்னி போகும் பெரும்பாலான இடங்களுக்கு இதுதான் வேண்டும் என்பேன். கம்பெனி கொடுத்த 210 மி.மீ. இடைவெளியே எஸ்டேட் பாதைக்கும் ஆற்றங்கரைக்கும் தாராளம்.

இனி 235. இதை விரும்புகிறவர்களைக் கிண்டல் செய்வது சுலபம், ஆனால் அவர்கள் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. முழு ஆக்சில் வண்டியில் மிகத் தாழ்வாகத் தொங்குவது, இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தி லிஃப்ட் கிட் போட்டால் உடம்பு மேலே போகும். குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது ஆக்சிலோடு சேர்ந்தது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். 235/75 போட்டால் குண்டுக்கு அடியில் 20 மி.மீ. கூடுகிறது. ட்ராக்டர் தடத்தின் நடுமேடு, கல் பாவிய ஏற்றம் என்று அடிக்கடி போகிறவருக்கு அந்த 20 மி.மீ. கிடைப்பதும் கிடைக்காததும் தெளிவாகத் தெரியும்.

விலை என்ன என்றால், முதலில் இன்ஜின். கே15பி 1.5 லிட்டர் பெட்ரோல், 105 பி.எஸ்., 134 நியூட்டன் மீட்டர். டர்போ கிடையாது. 5.8 சதவீதம் பெரிய டயர் என்பது எல்லா கியரையும் 5.8 சதவீதம் நீட்டியதற்குச் சமம். கூடவே ஏ/டி டயரின் எடை, அதுவும் அச்சிலிருந்து தள்ளி விளிம்பில் உட்காருகிற எடை. சமதளத்தில் இது தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் குடும்பத்தோடும் சாமானோடும் ஏறும்போது தெரியும்: மூன்றாவதில் போகலாம் என்று நினைக்கிற இடத்தில் வண்டி இரண்டாவதைக் கேட்கும். நாலே கியர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் இது இன்னும் உறைக்கும். லோ ரேஞ்சில் ஊர்ந்து இறங்கும் வேகமும் அதே அளவு கூடுகிறது. எதற்காகப் பெரிய டயர் போட்டோமோ அந்த வேலையிலேயே ஒரு துளி விட்டுக்கொடுக்கிறோம். பிரேக் அதேதான், நிறுத்த வேண்டிய சுழலும் எடை மட்டும் கூடிவிட்டது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம், முன்பு அதே 100-இல் இருந்ததைவிட ஏறக்குறைய 6 கி.மீ. அதிகம்.

அடுத்து ரிம். 235/75 ஆர்15 டயருக்கான அனுமதி 6 முதல் 8 அங்குல ரிம். ஜிம்னியின் 5.5 அங்குலம் அதற்குள் வராது. "மாட்டிவிடலாம் சார், ஒன்றும் ஆகாது" என்பார்கள். மாட்டத்தான் முடியும். டயர் நடுவில் உப்பி, ஓரப் பட்டன் தரையைச் சரியாகத் தொடாது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும் ஆபத்தும் வேறு. ஆக 235 என்று முடிவெடுத்தால் புது ரிம் செலவும் சேர்ந்தே வருகிறது. வெளி ரிம்முக்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் இது ஒன்றுதான்.

வாங்குவதானால் நான்கு விஷயங்களைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஜிம்னிக்கு ஐந்து நட், அவை உட்காரும் வட்டத்தின் விட்டமான பி.சி.டி. 139.7 மி.மீ. நடு ஓட்டை 108 மி.மீ. நட் மரை எம்12, 1.25 பிட்ச். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் ஒட்டி உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரமான ஆஃப்செட், ஒரிஜினலில் +5 மி.மீ. ஐந்து நட், 139.7 என்பது பல பழைய ஜீப்களுக்கும் பொருந்துகிற அளவு என்பதால் "உங்க வண்டிக்கும் சரியாக உட்காரும்" என்று எதையாவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். நட் உட்கார்ந்தால் போதாது. நடு ஓட்டை 108-ஐவிடச் சின்னதாக இருந்தால், ரிம்மைத் தாங்கும் ஹப்பில் ஏறவே ஏறாது. பெரிதாக இருந்தால் ரிம் மையத்தில் உட்கார்ந்ததா என்பதை நட் மட்டும்தான் தீர்மானிக்கும். கூம்பு நட்டுக்கு வெட்டிய ரிம்மில் கூம்பு நட்தான் போட வேண்டும்.

ஆஃப்செட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆஃப்செட் +5-லிருந்து 0 ஆனால் சக்கரத்தின் நடுக்கோடு 5 மி.மீ. வெளியே தள்ளும். −20 என்றால் 25 மி.மீ. வெளியே தள்ளும். வண்டி அகலமாக, முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்று −20, −25 கேட்டு வாங்குவார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முன் ஆக்சிலில் சக்கரம் திரும்பும் இடத்தில் மேலும் கீழும் இருக்கிற கிங்பின் பேரிங்குகளுக்கு இது நீளமான நெம்புகோல். ஒவ்வொரு குழியும் அவற்றை முன்பைவிடப் பலமாக உதைக்கும். முழு முன் ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு, குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் தடதடவென்று ஆடும் வியாதி பிறவியிலேயே கொஞ்சம் உண்டு. ஜிம்னி அதற்குப் பெயர் பெற்றது. பேரிங் தேய்மானம், பேலன்சிங் கோளாறு, கனமான டயர், வெளியே தள்ளிய ரிம் நான்கும் சேர்ந்தால் அது நெடுஞ்சாலையில் தலை காட்டும். சக்கர ஆர்ச்சுக்கு வெளியே நிற்கும் டயர் கதவு, கண்ணாடி, பின்னால் வருகிற பைக்காரர் என்று எல்லோருக்கும் சேறு பூசும் என்பது சின்னத் தொல்லை.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். 235 டயர் 195-ஐவிட ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. அகலம். ஆஃப்செட் 0 என்றால் உள்பக்கம் 15 மி.மீ. நெருங்குகிறது, ஃபுல் லாக்கில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நீளக் கையில் உரசலாம். எனவே 0-வுக்கும் −10-க்கும் நடுவில், 6 அல்லது 6.5 அங்குல அகலத்தில் ஒரு ரிம் என்பதே நான் சொல்லும் சமரசம். உரசல் எங்கே வருகிறது என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, முன் பம்பர் ஓரத்தையும் மட்ஃபிளாப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும் வண்டியில் எதுவும் உரசாது.

அலாயா, இரும்பா? என் ஓட்டு இரும்புக்கு. கல்லில் மோதினால் இரும்பு ரிம் நெளியும், தட்டி நிமிர்த்திக்கொண்டு வீடு வரலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும், விரிந்தது விரிந்ததுதான். ஜிம்னியில் ஜீட்டா வகைக்கு இரும்பு ரிம்தான் வருகிறது, ஆல்ஃபாவுக்குத்தான் அலாய். கரடுமுரடான வேலைக்கு மலிவு வகையில் வருவதே மேல் என்பது எனக்குப் பிடித்த முரண். அலாயே வேண்டும் என்றால் ரிம்மின் உள்பக்கம் ஜப்பானின் அலாய் ரிம் தரமான ஜே.டபிள்யூ.எல். முத்திரையும், எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் வார்த்திருக்கிறதா என்று விரலால் தேடுங்கள். பிரபல கம்பெனி டிசைனைப் பார்த்து வார்த்த, பெயர் இல்லாத ரிம்மை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பதினாறு, பதினேழு அங்குல அலாய் பற்றி ஒரு வரி போதும்: மொத்த விட்டம் மாறாமல் ரிம் பெரிதானால் பக்கச் சுவர் சிறிதாகும், காற்றைக் குறைத்து ஓட்டும் சௌகரியம் அதோடு போச்சு. ரிம்மை வெளியே தள்ள ஹப்புக்கும் அதற்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். எம்/டி என்னும் சேற்று டயர், வாரம் தவறாமல் சேற்றில் இறங்குகிறவருக்கும் போட்டிக்குப் போகிறவருக்கும். மற்றவருக்கு அது சத்தம்.

சட்டமும் இந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகவே உறுதி செய்தது. கறாராகப் பேசினால் எந்தக் கேள்விக்கும் இடமில்லாதது 195 மட்டுமே. 215-க்குப் போனாலும் 235-க்குப் போனாலும் மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆர்ச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் செக்போஸ்டில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். 215 போட்ட ஒரிஜினல் ரிம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சஸ்பென்ஷன், ஸ்டியரிங் வாரண்டியிலும் இதே வேறுபாடுதான்.

எந்தக் கம்பெனி டயர் என்ற விவாதத்துக்கு நம்மவர்கள் செலவிடும் நேரம் அதிகம். நான் முதலில் பார்ப்பது அதே டயர் அடுத்த வருடமும் கிடைக்குமா என்பதை. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. வெளிநாட்டு ஏ/டி டயர் இன்று கிடைத்தாலும், ஒன்று கிழிந்த நாளில் ஜோடி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜிம்னிக்கு இது சாதாரண விஷயமும் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் அதன் 4எச் (சாதாரண வேகம்), 4எல் (லோ ரேஞ்ச்) இரண்டிலும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் நடு டிஃபரன்ஷியல் இல்லாமல் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் ஒன்றையொன்று இழுத்து, விசையை முன், பின் ஆக்சிலுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும். அதனால்தான் டயர் வாங்கும்போது ஐந்து வாங்க வேண்டும், ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தையும் சுழற்சியில் ஓட்ட வேண்டும். பின்கதவில் பழைய 195 தொங்க, கீழே நாலு 235 என்று போகிற ஜிம்னி ஒரு பஞ்சர் தூரத்தில் பிரச்சினையில் இருக்கிறது. ஐந்து ரிம், ஐந்து டயர் என்று பெருக்கிப் பார்த்தால் மூன்றாவது வழியின் நிஜ விலை தெரியும். கனமான ஸ்டெப்னியைத் தாங்கப்போவது பக்கவாட்டில் திறக்கும் பின்கதவின் கீல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் முடிவில் பங்கு கேட்கும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காய்ந்திருக்கும்போது எந்த டயரும் ஓடும். நல்ல மழை பெய்துவிட்டால் ஏ/டி பட்டனின் இடைவெளி முழுவதும் களி அப்பி வழுவழுப்பான உருளையாகிவிடும். அந்த நேரத்தில் 215-க்கும் 235-க்கும் வித்தியாசம் கிடையாது, காயும்வரை காத்திருப்பதே வழி. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணல், கடற்கரை மணல் இரண்டிலும் டயர் அகலத்தைவிடக் காற்றுதான் பேசும்: 18 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கினால் எச்/டி டயர்கூட எழுந்து நடக்கும். மலை எஸ்டேட்டின் கல்பாதையில் பக்கச் சுவர்தான் முதலில் அடி வாங்கும். ஏ/டி அங்கே சம்பளம் வாங்குகிறது. மழையில் நனைந்த மலைத் தார்ச்சாலையில் கதை தலைகீழ்: ஏ/டி டயரின் கட்டியான ரப்பர், பெரும்பாலும் நல்ல எச்/டி டயரைவிடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். மாதத்தில் எத்தனை நாள் எங்கே ஓட்டுகிறோம் என்று உண்மையாக யோசித்தால், பலருக்கு ஏ/டியே வேண்டியதில்லை என்ற பதிலும் வரலாம்.

ஏ/டி வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது, கம்பெனி ரிம்மில் 215/75 ஆர்15, ஐந்து டயர். ரிம்முக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல 12 வோல்ட் கம்ப்ரஸர், நம்பகமான பிரஷர் கேஜ், பஞ்சர் கிட், இழுவைக் கயிறு வாங்கலாம். காற்றை இறக்கவும் மறுபடி ஏற்றவும் முடிகிற 215, காற்றைத் தொடாமல் ஓட்டப்படும் 235-ஐவிடத் தூரம் போகும். உங்கள் பாதையில் டிஃபரன்ஷியல் குண்டு உண்மையாகவே கல்லில் இடிக்கிறது, அதுவும் திரும்பத் திரும்ப இடிக்கிறது என்றால் மட்டும் 235, அதோடு 6 அல்லது 6.5 அங்குல இரும்பு ரிம்.

மாட்டும் நாளில் டயரின் பக்கச் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்திலும் ஏறக்குறைய ஒரே காலம் இருக்கட்டும். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடிக்க விடாதீர்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், கையேட்டில் சொன்ன அளவுக்கு. புது ரிம் என்றால் நூறு கிலோமீட்டர் போல ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டை 195-க்கானது. பெரிய டயருக்கு எவ்வளவு என்று அறிய, பட்டன் மேல் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, நேரான தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு.

கழற்றிய ஐந்து எச்/டி டயரையும் கடைக்காரர் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். கொடுக்க வேண்டாம். ஒரிஜினல் அளவில் டயர் தேடி அலைகிற ஜிம்னிக்காரர் இன்னொருவர் நிச்சயம் இருப்பார், அதிகம் ஓடாத டயர் என்றால் அவர் நல்ல விலையே கொடுப்பார்.